என்னைப் பார்த்து நடுங்கிய கை

மரக்காணத்தில் ஓர் உப்பளத்துக்கு நான் மேனேஜர். லாரி எடையை டேப்லெட்டில் பதிவு செய்யும் முறை வந்தபோது, எடைமேடை கிளார்க் கஸ்தூரியம்மா அடிக்கடி தப்பாகத் தட்டினார். "இதுகூடவா வராது?" என்று டிரைவர்கள் எதிரிலேயே கத்துவேன்.

ஒருநாள் காலை எடைமேடைக்குச் சீக்கிரமே போய்விட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அவர் அந்த டேப்லெட் பதிவையே சிரித்துப் பேசியபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தப்பும் இல்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் விரல் நடுங்கி வேறெங்கோ பட்டது.

"சாரி சார். நீங்க இல்லாதப்போ நல்லாத்தான் வருது. உங்களப் பார்த்தா கை உதறுது. தூக்கமே வர்றதில்ல சார்."

மன்னிப்பு கேட்க வேண்டியவன் நான். அன்றே டிரைவர்கள் முன்னால் கேட்டேன். "பரவால்லைங்க சார்" என்றார்; நடுக்கம் நிற்க மாதங்கள் ஆயின.

இப்போதும் எடைமேடைக்குப் போகும்போது தூரத்திலேயே குரல் கொடுத்துவிடுகிறேன், அவர் திடுக்கிடாமல் இருக்க.