இரண்டு சுவரிலும் ஒரே வரி

ஒரு நாள் காலை கடை திறக்க வந்தேன். இரண்டு சுவரிலும் ஒரே வரி எழுதியிருந்தது.

லேக் மார்க்கெட்டில் எனக்கு இட்லிக் கடை. இரண்டு பக்கமும் சந்து. இடப்பக்கச் சுவரை ஆளும் கட்சிக்கு எழுத விட்டிருந்தேன், வலப்பக்கத்தை எதிர்க்கட்சிக்கு. எழுபதுகள் முடிகிற நேரம். கடை நடத்த எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

எனக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. ஆனாலும் எழுத்தின் உருவம் ஒன்றுபோல இருந்தது தெரிந்தது. கீழே சின்னம் மட்டும் வேறு. ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள், மத்தியானத்துக்குள் கல் பறக்கும் என்று நினைத்தேன். கடைப் பலகையைப் பாதிதான் எடுத்தேன்.

பக்கத்துக் கோழிக்காரர் சைக்கிளில் வந்தார். டாலிகஞ்சைத் தாண்டி ஒரு காலனியில் அவர் வீடு. விடிகாலையில் சந்தைக்குப் போய்க் கோழி வாங்குவார். கால்களைக் கட்டி ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டு வருவார். அங்கே எல்லாரும் அப்படித்தான்.

“என்ன எழுதியிருக்கு?” என்றேன்.

இந்தச் சுவரைப் படித்தார். அந்தச் சுவரையும் போய்ப் படித்தார். சிரித்தார்.

“கோழியைத் தலைகீழாத் தொங்கவிடாதேன்னு எழுதியிருக்கு, தாதா. பசங்க வெளையாடுறானுங்க.”

அங்கே அண்ணனைத் தாதா என்பார்கள். அவர் பேசினது வங்காளம். என் காதில் தமிழாகவே தங்கிவிட்டது.

அது விளையாட்டு இல்லை. சில நாளில் போலீஸ் அவரைப் பிடித்தது. கோழியைக் கொடுத்துவிட்டார்கள். சைக்கிளைத் தரவில்லை. சைக்கிள் இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. கோழியோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் எம்.எல்.ஏ. ஆளும் கட்சி. அடுத்த தொகுதிக்காரர் எதிர்க்கட்சி. இரண்டு பேரும் என் கடையில் சாப்பிடுவார்கள், ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். இவர்கள் சட்டசபையில் சேர்ந்து எழுந்து நின்றார்களாம். வண்டி மாடு, குதிரை, கோழி எதையும் வதைத்துக் கொண்டுபோகக் கூடாது, மீறினால் போலீஸ் பிடிக்க வேண்டும் என்றார்களாம். பேப்பர் படிக்கிற வாடிக்கைக்காரர் சொன்னார். நான் நம்பவில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்க் குழாயோ ரேஷன் கார்டோ, ஒருவர் முடியாது என்றால் மற்றவரிடம் போவோம். ‘அவர் மறுத்துட்டார்’ என்று சொன்னால் போதும், இவர் செய்துகொடுப்பார்.

கோழிக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் எம்.எல்.ஏ.விடம் போனேன்.

“கூடை கட்டினா சைக்கிள் வரும். கட்டாட்டி வராது” என்றார்.

வெளியே வந்ததும் கோழிக்காரருக்குச் சந்தோஷம். “நல்லதாப் போச்சு தாதா. இப்ப அவர்கிட்ட போகலாம்.”

போனோம். அவர் மறுத்துவிட்டார் என்றேன்.

“சரியாத்தான் சொல்லியிருக்கார்” என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

ஒருவர் சொன்னதை மற்றவர் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தெருவில் கோழிக்காரர் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றார். நானும் நின்றேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா சரியாத்தானே இருக்கும்?” என்றாள்.

“இனிமே யார்கிட்ட போறது?”

அவள் இட்லிக்கு அரிசி ஊறப்போடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். அவர்களுடைய ஆட்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கோஷம் போடுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே இவர்கள் கரண்ட் கட்டுக்கு யார் காரணம் என்று கத்திக்கொண்டே தோசை தின்றார்கள். நான் கோழிப் பேச்சை எடுத்ததும் இரண்டு தலையும் ஒன்றாக ஆடியது.

கோழிக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

“போன வாரம் உங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் என் கோழிதான் போச்சு. வெட்டலாம், தொங்கவிடக் கூடாதா?”

எங்கள் எம்.எல்.ஏ. தட்டைப் பார்த்தார். “திங்கிறோம்தான். அதுவரைக்கும் தலை மேலே இருக்கட்டுமேப்பா.”

நான் கறி தின்பதில்லை. ஆனாலும் கேட்டேன்.

“எல்லாத்துக்கும் சண்டை போடுறீங்க. இதுல மட்டும் எப்படி?”

“கோழிக்கு ஓட்டு இல்லையே, தாதா” என்றார் எதிர்க்கட்சிக்காரர். “இருந்தா இதுக்கும் அடிச்சிக்கிட்டிருப்போம்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

கோழிக்காரர் சைக்கிளின் பின்னால் இரண்டு மூங்கில் கூடை கட்டுவதாக ஒத்துக்கொண்டார். சைக்கிள் வந்தது. கூடையில் பாதிக் கோழிதான் அடங்கியது. சந்தைக்கு இரண்டு தடவை மிதித்தார். முட்டி வலி வந்தது. இரண்டு கட்சியையும் சமமாகத் திட்டினார்.

அப்புறம் தேர்தல் வந்தது. சுவருக்கு வெள்ளையடித்துப் புதிதாக எழுதினார்கள். கோழிக்காரர் படித்தார். முகம் மலர்ந்தது.

“திருடன்னு இவன் எழுதியிருக்கான். கொலைகாரன்னு அவன் எழுதியிருக்கான். பழையபடி ஆயிட்டாங்க தாதா! இப்பக் கேட்டா யாராவது ஒருத்தர் கூடை வேண்டாம்னு விட்டுடுவார்.”

“போகலாமா?” என்றேன். பலகையைச் சாத்தக்கூட எழுந்தேன்.

அவர் சைக்கிள் பக்கம் திரும்பினார். ஒரு கோழி கூடையிலிருந்து கழுத்தை நீட்டி என் இட்லிப் பானை ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலால் அதன் தலையை உள்ளே தள்ளினார். அது மறுபடி நீட்டியது.

“நாளைக்குப் போகலாம்” என்றார்.

மறுநாள் கேட்டேன். நாளைக்கு என்றார். வியாபாரத்தை விடும்வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். திட்டுவதையும் விடவில்லை, கூடையையும் அவிழ்க்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.