முருகனுக்கு இழுத்த வயர்

விரல்களுக்கு உறை இல்லை. வலது கை பழைய பற்தூரிகையால் பற்றறியின் முனையைத் தேய்க்க, இடது கை சுடுநீரில் கரைத்த அப்பச்சோடாவைத் துளித்துளியாக விட்டது. முனையில் பூத்திருந்த வெள்ளையும் பச்சையுமான தூள் நுரைத்துக் கரைந்தது. துணியால் ஒற்றி, ஈரம் போயிற்றா என்று நகத்தால் தொட்டுப் பார்த்து, மறுபடியும் ஒற்றின அந்தக் கைகள். ஈயத்தின் சாம்பல் நிறம் சீராகத் தெரிந்த பிறகுதான் தூரிகையைக் கீழே வைத்தன.

கைகளுக்கு உரியவர் ஞானசுந்தரம். ரூ காய் என்ற தெருவின் தமிழ்க் கடைக்காரர்களுக்குச் சுந்தரமண்ணை. கிழமை நாட்களில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மின்குமிழ் மாற்றுவதும் பூட்டுத் திருத்துவதும் அவர் வேலை. மின்சாரத்தை அவர் பள்ளியில் படிக்கவில்லை. மற்றவர்கள் எறிந்த வானொலிகளையும் சார்ஜர்களையும் கழற்றிக் கழற்றிப் பூட்டிக் கற்றார். குளிர் தொடங்கினால் கடைத் தெருவில் சாமான் ஏற்றும் வான்களெல்லாம் அவர் பொறுப்பு. குளிரில் பற்றறிக்குள் அமிலம் சோம்பிப் போகும், எஞ்சின் எண்ணெய் தடித்துவிடும். கொடுப்பவனுக்கு வலு குறைகிற நேரத்தில்தான் கேட்பவனுக்கு அதிகம் தேவைப்படும் என்று எல்லோருக்கும் சொல்வார். முனைகளுக்கு வாசலீன் பூசுவார். நிற்கிற வானைச் சும்மா உறுமவிடாமல் ஓட்டச் சொல்வார். இறங்கிப்போன பற்றறியை வீட்டுக் குசினியில் வைத்து, அவசரப்படாமல் மெல்லிய மின்னோட்டத்தில் ஏற்றிக் கொடுப்பார்.

கூலி வாங்குவதில்லை. 'சுந்தரமண்ணை பாத்திட்டார்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அதற்கு மேல் பேச்சை வளர்க்க மாட்டார்கள். அவருக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. பொங்கலுக்கு முந்திய வெள்ளி. தெருவில் உறைபனி என்று முன்னிரண்டு நாளும் நிறுத்தி வைத்திருந்த மளிகைக்கடை இரத்தினத்தின் வான், ரன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் புறப்படும் விடியலில் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டது. நத்தார் பண்டிகைக்குப் பிறகு ஒருமுறை, வருடப்பிறப்புக்குப் பிறகு ஒருமுறை, இது மூன்றாவது. சாமான் வரவில்லை. சனம் கடைக்குள் நின்று கரும்பு எங்கே, மஞ்சள் கொத்து எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணை இப்பிடிச் சாகுது?" என்று இரத்தினம் கேட்டார்.

வேலை முடிந்து வந்த ஞானசுந்தரத்திடம் பதில் தயாராக இருந்தது. "பற்றறியிலை ஒண்டுமில்லை. உவன் றொபின்சன் வேலை முடிஞ்சா வானுக்குள்ளை இருந்து போனிலை பெண்சாதியோடை கதைக்கிறவன். உள்லைற் எரியும். கதைச்ச சந்தோசத்திலை லைற்றை நூக்க நினைவு வருமே?"

பணம் எடுக்கும் மேசையில் இருந்த கோசலை, இரத்தினத்தின் மனைவி, சிரித்தாள். "பெண்சாதிக்கு முகம் தெரிய வேணும்தானே அண்ணை. இருட்டுக்கை இருந்து கதைச்சா, ஆரோடை கதைக்கிறாரெண்டு அவ சந்தேகப்படுவா."

கடைக்குள் நின்ற சனமும் சிரித்தது. அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த வானோட்டி றொபின்சனின் காது சிவந்தது.

"நான் நூத்திட்டுத்தான் போறனான்," என்று ஒருமுறை சொன்னான். பிறகு அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

மன்னாரிலிருந்து வந்த அவனுக்கு லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில் நாலு பேரோடு ஓர் அறை. தனியாகப் பேச வான் மட்டுமே இருந்தது. அதை அவனே ஒருநாள் தேநீர் குடிக்கும்போது ஞானசுந்தரத்திடம் சொல்லியிருந்தான். மனைவியை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருப்பதையும், அதற்கு மாதச் சம்பளத் துண்டு விடுபடாமல் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

"திங்களிலையிருந்து என்ரை மச்சான் வானை எடுக்கட்டும்," என்று அன்றே றொபின்சனிடம் சொன்னார் இரத்தினம். "ஞாயிறு வந்து உன்ரை சாமானை எடுத்துக்கொண்டு போ."

இன்று ஞாயிறு. கடைக்குப் பின்னால் இருக்கும் சிறு முற்றத்தில், ஏற்றி முடித்த பற்றறியை வானில் வைத்துக்கொண்டிருந்தார் ஞானசுந்தரம். புது ஓட்டுநரிடம் குறையில்லாமல் கொடுக்க வேண்டும் என்று, முந்திய இரண்டு முறையும் செய்யாத ஒரு சோதனையைச் செய்தார். எல்லாக் கதவையும் சாத்தி, எதிர்முனை வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மின்னோட்டம் அளக்கும் மீற்றரைப் பிடித்தார். தூங்குகிற வான் ஏறக்குறைய ஒன்றும் குடிக்கக் கூடாது. மீற்றர் அரை அம்பியர் காட்டியது.

உள்விளக்கைப் பார்த்தார். அணைந்திருந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எண் இறங்கவில்லை. மீற்றரில்தான் பிழையோ என்று நிமிர்ந்தவருக்கு முன்கண்ணாடிக்குப் பின்னால் முருகன் சிலை தெரிந்தது. தலையைச் சுற்றிக் குட்டிக் குமிழ்களோடு, பளிச்சென்று.

அந்தக் குமிழ்கள் ஆயுத பூசையன்று பூட்டியவை. "சுவாமி இருட்டுக்கை நிக்கக்கூடாது அண்ணை," என்று இரத்தினம் கேட்டதால், எஞ்சினை எழுப்பும் திறப்பைக் கழற்றினாலும் அணையாதபடி வயரை நேரே பற்றறியிலிருந்து இழுத்தது. ஒவ்வொரு முறை பொனற்றைத் திறந்தபோதும் அந்த ஒளி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதை ஒரு விளக்கு என்று அவர் எண்ணியதே இல்லை.

வயரைப் பின்தொடர்ந்தார். இணைப்பில் கறுப்பு நாடா, அதன் மேல் மெழுகு தடவிய நூல்கட்டு. இந்தத் தெருவில் நூல் கட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

இனி என்ன செய்வது என்பது எளிது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் வான் பிறகு நிற்காது. மச்சான் ஓட்டுவார், ஒவ்வொரு விடியலும் முதல் திருகலில் எஞ்சின் எழும்பும். 'பாத்தியே, ஆளை மாத்தினாப்போலை வான் சரி. சுந்தரமண்ணை சொன்னாச் சொன்னதுதான்' என்பார்கள். அவர் செய்கிற நல்ல வேலையே றொபின்சனுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அந்தப் பேச்சு தன் காதுக்கு இதமாக இருக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதை எண்ணியபோது நூல்கட்டைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினார்.

பிறகு கட்டை அறுத்தார். திறப்பைத் திருகினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் வயரைச் சேர்த்து, நடுவே ஒரு பியூஸ் வைத்தார். மீற்றரில் எண் இறங்கியது. முருகன் அணைந்தார். முனைகளை இறுக்கி வாசலீன் பூசி, எஞ்சினை எழுப்பிப் பார்த்து, அணைத்து, மறுபடி எழுப்பினார். முருகன் கூடவே எழுந்தார்.

கடைக்குள் பொங்கல் சனம். றொபின்சன் தன் பையைத் தோளில் போட்டபடி அரிசி மூட்டைகளருகே நின்றான்.

"இரத்தினம், பிழை என்ரை," என்றார் ஞானசுந்தரம்.

இரத்தினம் அவர் கையைப் பிடித்தார். "என்னண்ணை? பிறகு கதைப்பம். சனம் நிக்குது."

"அண்டைக்கும் சனம் நிக்கேக்கைதானே சொன்னனான்."

அவர் குரல் உயரவில்லை. ஆனாலும் சனம் திரும்பிப் பார்த்தது. முருகனின் விளக்கு நிற்கிற நாளெல்லாம் பற்றறியை இறக்கியதைச் சொன்னார்.

"அப்ப முருகனோ குடிச்சுப்போட்டார்?" என்றாள் கோசலை. ஒருவரும் சிரிக்கவில்லை.

"முருகனை விடு பிள்ளை. வயர் இழுத்தவன் நான். மீற்றர் வைச்சுப் பாக்காமல் உவன்ரை தலையிலை போட்டதும் நான். அவன் என்னை நம்பிச் சொன்ன கதையை இஞ்சை பகிடியாக்கினதும் நான்தான்."

இரத்தினம் நெற்றியைத் தேய்த்தார். மச்சானுக்குச் சொல்லியாகிவிட்டது என்று முணுமுணுத்தார். பிறகு றொபின்சனைப் பார்க்காமலே, "அவருக்கு நான் சொல்லுறன். நாளைக்கு ரன்ஜிஸுக்கு நீ போ," என்றார்.

ஞானசுந்தரம் றொபின்சனிடம் வந்தார். "உனக்கு ஒருக்காலும் சந்தேகம் வரேல்லையே தம்பி?"

"வந்தது. வான் எழும்பாத விடியலிலை எல்லாம் முருகனும் மங்கித்தான் நிப்பார்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் அண்ணை. உங்கடை முருகனாலைதான் வான் நிண்டதெண்டு நான் சொல்லியிருந்தா, இந்தக் கடையிலை ஆர் கேட்டிருப்பீனம்? நீங்கள் கேட்டிருப்பீங்களே?"

ஞானசுந்தரத்துக்கு விடை தெரியும்.

திருத்திய வானின் திறப்பை அவர் வழக்கமாக மேசைக்கு மேலிருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். இன்று அதிலிருந்த வாசலீனைச் சட்டையில் துடைத்து நீட்டினார். றொபின்சன் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தான். ஞானசுந்தரத்தின் விரல்கள் படாமல், வளையத்தில் பிடித்துத் திறப்பை வாங்கிக்கொண்டான்.