கடற்கன்னிக்குச் சரக்கரைப்பது யார்

கடற்கன்னி முட்டையிடுவாளா, பிள்ளை பெறுவாளா என்று எண்பத்தாறாம் ஆண்டில் நாள் கணக்காகச் சண்டை பிடித்த பெண்களோடு நான் இருந்தேன். ஊர்காவற்றுறைப் பக்கம், என் கணவர் வீட்டு முற்றத்தில், கருவாட்டுக்கு மீன் வெட்டும்போது நடந்த சண்டை அது. ஆமியின் ஹெலி வந்து சுற்றினால் எல்லோரும் கத்தியோடு வீட்டுக்குள் ஓடுவோம். அது போனதும் வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவோம்.

தொடக்கி வைத்தவர் என் மச்சாள், கணவரின் தமக்கை. பனையோலைக் கடகத்தைத் தலையில் வைத்து ஊரூராக மீன் விற்பவர். அன்று வெட்டிய மீனில் சினை இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எடியே, கடற்கன்னிக்கு வயித்திலை வந்தால் சினை எண்டு சொல்லுறதோ, பிள்ளைத்தாய்ச்சி எண்டு சொல்லுறதோ?" என்று கேட்டார்.

"கீழ்ப்பாதி மீனெல்லோ? சினைதான். முட்டையைக் கடலுக்குள்ளை விசிறிப்போட்டுத் தன்ரை பாட்டிலை போயிடுவாள்," என்றார் பக்கத்து வீட்டுக்காரி.

"கன்னி எண்டு பேரை வைச்சிட்டு என்னடி பிள்ளையும் முட்டையும்?" என்றார் இன்னொருவர்.

"மாதாவும் கன்னிதான். வாயைப் பொத்து!" மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்ப மாப்பிளை ஆர்? அவனுக்கும் கீழ்ப்பாதி மீனெண்டால் பின்னை எப்பிடியடி?"

அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் பேசப்பட்டதை அச்சில் போட ஏலாது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிடிக்க நல்ல பெரிய வயிறும் அப்போது எனக்கு இருந்தது.

நான் வேலணையில் தோட்டம் செய்யும் சைவசமயக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் கடல்காரரிடம் மீன் வாங்குவார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் கொடுக்காமலே நான் வந்துவிட்டேன். அப்பா, "எனக்கு அப்பிடி ஒரு மகள் இல்லை" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது. எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குத்தான் போவார்கள். மாதம் ஏற ஏற, போக இடமில்லை என்ற எரிச்சலில் கண்டவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். கணவர் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

சண்டை ஒரு பால்சுறாவால் தீர்ந்தது. மச்சாள் அதன் வயிற்றைக் கீறியபோது உள்ளே குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி. "பாருங்கோடி, தொப்புள்கொடி! மீனாய்ப் பிறந்த சுறாவே குட்டி போடுது. அரை மனிசி அவள், முட்டையோ போடுவாள்?" என்று கூவினார்.

"அப்ப எங்கை வைச்சுப் பெறுவாள்?" என்று அடுத்த கேள்வி வந்தது.

மச்சாளிடம் பதில் தயார். "தண்ணிக்குள்ளை பெத்தால் பிள்ளையின்ரை மேல்பாதிக்கு மூச்சு முட்டும். தரையிலை பெத்தால் கீழ்ப்பாதி காஞ்சுபோம். அதாலை அலை வந்து நனைச்சிட்டுப் போற இடத்திலைதான் வந்து படுப்பாள். எழுவைதீவுக் கரையிலை விடியப்புறம் முனகல் கேட்டதெண்டு அந்தக் காலத்து ஆக்கள் சொல்லுறவை."

நானும் சிரிப்புக்கு ஒரு பகிடி விடுவோம் என்று, "பெத்தாப் பிறகு அவளுக்கு ஆர் சரக்கரைச்சுக் குடுக்கிறது?" என்று கேட்டேன்.

சரக்கு என்றால் மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்து அரைப்பது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க, பால்சுறாவில் அதைப் போட்டுத்தான் பத்தியக்கறி வைப்பார்கள். அம்மா அரைத்தால் வீட்டு ஒழுங்கையில் தெருமுனை வரைக்கும் மணக்கும். பகிடியாகத்தான் தொடங்கினேன், பாதியில் விம்மி அழுதுவிட்டேன். மச்சாள் கத்தியைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

ஆஸ்பத்திரியில் சுகமாக மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை மச்சாள் அம்மியில் சரக்கரைத்தார். அரைத்ததை மூடி வைத்துவிட்டு, கடகத்தில் ஒரே ஒரு பால்சுறாவோடு புறப்பட்டார். எங்கே என்று கேட்டேன். "சும்மா படு," என்றார்.

போனது வேலணைக்கு என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று "மீன்!" என்று கூப்பிட, அம்மா சட்டியோடு வந்திருக்கிறார்.

"இது விக்கிறதுக்கில்லை அம்மா. உங்கடை மகளுக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்திருக்கு. மீன் எங்களிட்டைக் கிடக்கு, சரக்கரைக்கத்தான் தெரியாது. பிழையா அரைச்சுக் குடுத்து, பச்சைப்பிள்ளைக்கு ஏதும் ஆச்சுதெண்டால் என்ன செய்யிறது?"

சரக்கரைக்கத் தெரியாதாம்! நாலு பிள்ளை பெற்றவர், அந்தக் கரையில் பாதிப் பேருக்குப் பத்தியம் கொடுத்தவர்.

மத்தியானம் போல் மச்சாள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். நேரே குசினிக்குள் போய், காலையில் அரைத்த சரக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்து வாழையடியில் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிசிக்கு விசரோ என்று நினைத்தேன். அப்போதுதான் படலையில் அம்மாவின் தலை தெரிந்தது.

அம்மா நேரே உள்ளே வந்தார். பிள்ளையைத் தூக்கி, துணியை விலக்கி, தொப்புளைப் பார்த்தார். "இன்னும் காயேல்லை," என்றார். பிறகு குசினிக்குள் போய், கொண்டுவந்த சரக்கில் அந்தச் சுறாவைக் கறியாக்கிக் கொண்டுவந்து வைத்தார். "இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. நான் வராட்டி என்னத்தைத் திண்டிருப்பாய்?"

"ஓம் அம்மா, எங்களுக்கென்ன தெரியும்," என்றார் மச்சாள், வாசலில் நின்று.

நான் அழுதுகொண்டே தின்றேன். அப்பா வர இன்னும் காலம் எடுத்தது, ஆனால் அம்மா அன்றிலிருந்து வந்துகொண்டேயிருந்தார். மச்சாளுக்கு நான் எத்தனை பிறவிக்கு நன்றி சொன்னாலும் போதாது. மச்சாளின் பொய்யை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று வருடக்கணக்காக வாயைக் கட்டிவைத்திருந்தேன். கடைசியில் அம்மாவே ஒருநாள் மீன் கழுவிக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்கு உன்ரை மச்சாள் படலையிலை வந்து நிக்கேக்கை, கடகம் பிடிச்ச விரலெல்லாம் அரைச்ச மஞ்சள். எனக்கென்ன கண் தெரியாதோ?"