கடித்தது சாரைதான்

பறவையையும் பாம்பையும் பற்றி ஜனங்களிடம் பேசிப் பிழைப்பதில் ஒரு வசதி உண்டு: பறவையும் பாம்பும் மேலதிகாரிக்குப் புகார் எழுதாது. ஜனங்கள் எழுதுவார்கள். அறுபதுகளில் பம்பாயில் ஓர் இயற்கைச் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஆபீசில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தமிழர்களுக்கு வன உயிர்களை அறிமுகம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தெரியாத விஷயத்தை மேடையேறிப் பேசி மாட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் என் கஷ்டம் புரியும்.

மாட்டுங்காவில் சிலைடு

மாட்டுங்காவில் ஒரு சபாவில் சிலைடு போட்டுக் காட்டினேன். மீனோடு மீன்கொத்தி, எலியோடு ஆந்தை, தவளையோடு கொக்கு. கூட்டம் மூச்சு விடவில்லை. ரசிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். விளக்கைப் போட்டதும் முன்வரிசையில் ஒரு மாமி எழுந்தார்.

"படமெல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஒண்ணாவது எதையும் திங்காம சும்மா உக்காந்திருக்கப்படாதோ? நாங்க ஆத்துக்குப் போய்ச் சாப்பிடணுமோல்லியோ."

செம்பூர் சேற்றில்

செம்பூருக்கு அப்பால் கடல்நீர் வந்துபோகும் சேற்று நிலத்தில் பறவை பார்க்க இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் தப்பான பஸ்ஸில் ஏறி வந்துவிட்டவர். இன்னொருவர் ஞானமுத்து, ரயில்வேயில் ஃபிட்டர், நாசரேத்துக்காரர். சேற்றில் குடுகுடுவென்று ஓடிய உள்ளான் பறவைகளைக் காட்டி, "சைபீரியாவிலேர்ந்து வருஷம் தவறாம இங்க வருது" என்று உருகினேன். அவர் பைனாகுலரை இறக்காமலே கேட்டார்:

"ரயில் பாஸ் இருந்தும் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போவ எனக்கு லீவு கெடைக்கல. இதுகளுக்கு யாரு சார் லீவு சாங்ஷன் பண்ணுதா?"

தாராவியில் கடி

தாராவியில், சாரைக்கு விஷம் கிடையாது, அடிக்காதீர்கள் என்று பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். தோல் கிடங்கில் வேலை பார்க்கும் சுடலைமுத்து கையில் கம்போடு வந்தார். "கெடங்குல ஒண்ணு கெடக்கு. நீங்க சொன்னதுதானான்னு பாருங்க." போனேன். ஆறடி சாரை. சுற்றிலும் கம்போடு பத்துப் பேர். அடிக்காதீர்கள் என்றேன். "அப்ப பிடிங்க" என்றார்கள். அதுவரை நான் பாம்பைத் தொட்டது படத்தில்தான். விலகினால் அது சாகும். பிடித்தால், என் அறிவை நம்பி நான் சாக வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாலைப் பிடித்தேன். திரும்பிக் கையில் கடித்தது. எப்படியோ சாக்கில் தள்ளிக் கட்டினேன்.

டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, சோடா கொடுத்து, சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு வேர்க்கும்போதெல்லாம் கூட்டம் ஓரடி நெருங்கியது. ஒரு மணி நேரம் போனது. சுடலைமுத்து கம்பைக் கீழே போட்டார். "ஏலே, கடிபட்டவுக முழுசா இருக்காவ. இனி சாரைய அடிக்காண்டாம்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எதுக்கும் இன்னும் அரை மணி நேரம் இருந்து காமிச்சிட்டுப் போங்க, சார்."

ஏழெட்டு வருஷம் தொண்டை வற்றப் பேசியதில் ஜனங்கள் முழுசாக நம்பியது, நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான்.