திரும்பக் கேட்ட நேரம்

நாங்கள் அனுப்பிய பில் திரும்பி வந்தது, பரீட்சைத் தாள் திரும்பி வந்தது போலிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தப்பு என்று யாராவது எழுதி அனுப்பினால் இன்னும் பத்துத் தடவை படித்துப் பார்ப்பேன்.

விவசாய வீடியோக்கள் எடுக்கும் ஒரு சென்னை நிறுவனத்துக்கு நானும் ஓர் அக்காவும் அவரவர் இடத்திலிருந்தே சப்டைட்டில் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வேறு வேலை கிடையாது. "மொத்த மணி நேரம் போதாது, எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்று எழுதியிருந்தார்கள்.

செங்கம் ரோட்டிலிருக்கும் என் அறையில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்ப வந்து லேப்டாப்பைப் பார்ப்பேன். தட்டச்சு, எழுத்தைக் குரலோடு பொருத்துவது, திருத்தம், புரியாத இடத்தைத் திரும்பக் கேட்டது என்று தலைப்புகள் போட்டு என் நேரத்தைப் பிரித்துவிட்டேன். அக்கா வேலை நேரத்தைக் குறிக்கும் டைமரில் எல்லா வரியிலும் "வேலை" என்று மட்டும் இருந்தது. அடி அண்ணாமலை கிராமத்தில் இருக்கும் அவருக்கு போன் போட்டேன்.

"என்னக்கா, எல்லாத்துக்கும் வேலைனே போட்டிருக்கீங்க?"

"வேலைதானேடா செஞ்சேன். பின்ன வெளாட்டுனா போடுவாங்க?"

ஒவ்வொரு வீடியோவாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். திரும்பக் கேட்டதற்கு மட்டும் அவரிடம் எதுவுமே இல்லை.

"புரியாத எடம் வந்தா டைமர நிறுத்திட்டுதான் திருப்பிக் கேப்பேன்" என்றார். "எனக்குக் கேக்கலன்னா அது என் காதுக் கோளாறு. அதுக்கு அவங்க காசு குடுப்பாங்களா?"

"வீடியோவுல பம்புசெட் பக்கத்துல நின்னு பேசறாருக்கா அந்த விவசாயி. யாருக்குமே கேக்காது."

"பௌர்ணமி கிரிவலத்துக்கு என் வாசல்லயே மைக் செட் கத்துது. அதையும் அவங்க தலையில கட்டுவியா?"

அதைச் சேர்க்க வேண்டாம், மோட்டார் சத்தத்துக்கு ஆனதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். டைமரை நிறுத்திவைத்த நேரத்தில் பாதி நேரம் குழம்பும் வைத்தேன், இப்போது எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். குத்துமதிப்பாகப் போட எனக்கும் மனம் வரவில்லை. அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

அதன் பிறகு எங்கே சோறு இறங்கியது? போன் ஒலிக்கும் முன்பே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் பேசினார்.

"பிரிச்சது தெளிவா இருக்கு. ஆனா உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் திரும்பக் கேட்க வேண்டியிருக்கு? உங்ககூட வேலை செய்றவங்களுக்குத் தேவைப்படலையே?"

காது சூடாகிவிட்டது. அக்காவும் கேட்கிறார், கணக்கில்தான் எழுதுவதில்லை என்று சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன்.

"அது வேலைதாங்க. எழுதினாத்தான் எங்க கேமராக்காரர்கிட்ட மோட்டாரை நிறுத்திட்டு எடுங்கனு நான் சொல்ல முடியும். அடுத்த வீடியோ அனுப்பறேன், அவங்களையும் எழுதச் சொல்லுங்க."

அக்காவிடம் சொன்னதும் திட்டுதான் விழுந்தது. "என் காதப் பத்தி சென்னை வரைக்கும் சொல்லிட்டியாடா, பாவி!"

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"நீ சொன்ன தலைப்புல டைமர ஓட விட்டுட்டுத்தான் கேட்டேன். நடுவுல மாமியார் வந்து மாத்திரை எங்கனு கேட்டாங்க. நிறுத்தணுமா?"

"நிறுத்தணும்க்கா."

"நிறுத்திட்டேன்டா. அப்புறம் மறுபடி போட மறந்துட்டு முழு வீடியோவும் முடிச்சிட்டேன்."