காட்டில் பிழைக்க எந்த வகுப்பில் சேர்வது? வானகரம் முதல் திருமழிசை வரை ஒரு சனிக்கிழமை

போன தை மாதம் மலையில் நடைபயணம் போனபோது நானும் என் கணவர் ஜெரோமும் பாதையைத் தவறவிட்டோம். "நீ இங்கயே இரு, பாத்துட்டு வரேன்" என்று போனவர் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை ஒரு பாறையைப் பிடித்தபடி தனியே நின்றேன். அதிலிருந்து மலை என்றாலே எனக்குப் பயம். ஜெரோமுக்கோ மறுபடி போக வேண்டும். முதலில் காட்டில் பிழைக்கக் கற்றுக்கொள்வோம் என்று முடிவானது. இணையத்தில் தேடினால் ஏகப்பட்ட பயிற்சிகள், எல்லாமே 'புதியவர்களுக்கு' என்றன. இலவச அறிமுக வகுப்பு இருந்த இரண்டை மட்டும் பார்க்கலாம் என்று, சென்னை அயனம்பாக்கத்திலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

வானகரத்துக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். விஷயத்தைக் கேட்டதும் ஓட்டுநர் சிரித்தார். "காட்ல தொலைஞ்சா திரும்பி வர கிளாஸா? இன்னா மேடம், பைபாஸ் சர்வீஸ் ரோட்ல உட்டாலே பாதி பேரு ஊடு வந்து சேர மாட்டான்!"

முதல் இடம் ஏசி போட்ட மாடி ஹால். கட்டையைக் கடைந்து பயிற்சியாளர் நெருப்பு உண்டாக்கினார். கத்திகளைக் காட்டினார். இரண்டு நாள் பயிற்சிக்கு ஆளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு.

"வழி தெரியாம மாட்டிக்கிட்டா?" என்று கேட்டேன்.

"நெருப்பு போட்டு புகை காட்டணும் மேடம்."

"காஞ்ச புல்லு நடுவுலயா?"

"அதெல்லாம் அடுத்த லெவல்ல வரும்."

ஜெரோம் அப்போதே சேர்ந்துவிடத் தயார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றும் சொல்லத் தெரியவில்லை.

பூந்தமல்லி வரை பேருந்து, பிறகு ஷேர் ஆட்டோ. காத்திருந்த நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் திருமழிசைக்கு உள்ளே இருந்த தோப்பை அடைந்தோம். அங்கேதான் இரண்டாவது வகுப்பு, ஷீலா என்பவர் நடத்துகிறார். வங்கி வேலையை விட்டவர். தோப்புக்குப் பின்னால் வேலிக்காத்தான் முட்புதருக்குள் வளைத்து வளைத்து அழைத்துப் போய், ஆளுக்கொரு விசில் கொடுத்தார். "ரோட்டுக்கு வழி கண்டுபிடிங்க. முடியலன்னா ஊதுங்க."

அவர் போனதும் நான் இடப்பக்கம் என்றேன், ஜெரோம் வலப்பக்கம் என்றார். லாரிச் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு ஜெரோம் போய்விட்டார். விசிலை விடாமல் ஊதினேன்.

முள் கீறிய கையோடு ஜெரோம் ஓடி வந்தார். பின்னாலேயே ஷீலாவும்.

"இவங்கள விட்டுட்டு ஏன் சார் போனீங்க?"

ஜெரோம் என்னைப் பார்த்தார். "நின்னா பயமா இருக்கு. நடந்தா தெரியல. அன்னிக்கும் அதான்."

இத்தனை மாதமும் நான்தான் பயந்தாங்கொள்ளி, அவருக்குப் பாரம் என்று நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது பாம்புக்கடி பற்றிக் கேட்டேன். "கட்டாதீங்க, கீறாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார் ஷீலா. மறுபடி குழப்பம். தெரியாது என்பவரை நம்பிக் காட்டுக்குப் போவதா? எல்லாம் தெரிந்ததுபோல் பேசியவரை நம்புவதா? வீடு வரை பேசியும் தீரவில்லை.

கடைசியில் ஷீலாவிடமே சேர்ந்தோம். மூன்று ஞாயிறு, ஆளுக்கு மூவாயிரம். சர்ச்சில் பூசை முடித்துப் போக வசதியாக மதியம்தான் வகுப்பு. முதலுதவியைத் தனியாகக் கற்கப் போகிறோம். நீங்கள் போவதானால் முழுக்கைச் சட்டை, ஷூ, தண்ணீர் அவசியம். பக்கத்தில் கடை கிடையாது. காட்டுக்கு யாரோடு போகப் போகிறீர்களோ, அவரையும் அறிமுக வகுப்புக்கு அழைத்துப் போங்கள்.

நாங்கள் எடுத்தது சரியான முடிவா, எனக்கு இன்னும் தெரியாது. மறுபடி மலை ஏறுவேனா என்பதும் தெரியாது. ஏறினால், வழி தவறிய இடத்தில் இருவரும் சேர்ந்தே நிற்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.