பித்தளை ஜாதகம்

"போட்டிருந்த ஆளை நான் எதுக்கு சார் கேக்கணும்? ஆள் பொய் சொல்லுவான், பித்தளை சொல்லாது. பேட்ஜைப் பார்த்த பார்வையில அவன் ஜாதகத்தையே எழுதிடுவேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினது இல்லை."

இப்படிச் சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பித்தளைத் தகட்டை மெத்தென்ற துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் சரிபண்ணக் கொடுத்தது என் கண்ணாடியை. அது மேஜையின் மறு ஓரத்தில் ஒற்றைக் காலோடு தன் முறைக்காகக் காத்திருந்தது.

தெருவில் அவருக்குப் பெயர் 'போஸ்ட் மாஸ்டர்'. தபால் இலாகாவில் அவர் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. கல்யாணம் நிச்சயமான பிறகுகூட ஒரு கடிதம் போட்டவரல்ல என்பது அவர் மனைவியின் வாக்குமூலம். ஆனாலும் தபால்காரர்களின் எண் பொறித்த பேட்ஜ், தலைமை அலுவலகச் சேவகர்களின் தகடு, நீண்ட சேவைக்குத் தரப்பட்ட எனாமல் பின் என்று இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள் அவர் கடைச் சுவரை ஆள்கின்றன. பித்தளையை ஒழித்துவிட்டு பிளாஸ்டிக் அட்டை கொண்டுவந்த வருஷம், ஓய்வுபெற்றவர்கள் ஒப்படைத்துவிட்டுப் போன பேட்ஜ்களை மூட்டை கட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். மூட்டை தராசில் ஏறும் முன்பே நம்மவர் குறுக்கே விழுந்து மறித்தார்.

"உருக்கியிருப்பாங்க சார்! குழாய் பண்ணியிருப்பாங்க! நெஞ்சு மேல இருந்தது, தண்ணித் தொட்டி மேல உட்கார்ந்திருக்கும்!" இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் தழுதழுக்கிறது.

கண் சோதிக்கும் எழுத்து அட்டை அந்தக் கடையில் கிடையாது. எதிர்ச் சுவரில் மாட்டிய பேட்ஜ் பலகைதான் அட்டை. மேல் வரிசையில் உள்ளங்கை அகலத் தகடுகள். கீழே வரவரச் சிறுத்து, கடைசி வரிசையில் பட்டாணி அளவுப் பின்கள். எண் தெரிந்தால் பார்வை பரவாயில்லை. எண்ணுக்குக் கீழே அவர் கைப்பட எழுதி ஒட்டிய கார்டும் தெரிந்தால் பார்வை பிரமாதம். ஆக, எங்கள் ஊரில் கண்ணாடி போட்டவர்கள் அத்தனை பேரும் அந்தப் பலகையைப் படித்துத் தேறியவர்கள்.

கார்டுகள்தான் அவருடைய ஆராய்ச்சி. 'எண் 27: பையை வலது தோளில் மாட்டியவர். அவசரக்காரர்.' 'எண் 63: நாய்க்குப் பயந்தவர். இரண்டு முறை விழுந்தவர்.' பை வார் உரசின ஓரம், நசுங்கின மூலை, வளைந்த ஊசி எல்லாம் அவரோடு பேசுமாம்.

"கட்டின பொண்டாட்டி மூஞ்சியப் பார்த்து அவ சாப்பிட்டாளா இல்லையான்னு சொல்லத் தெரியல. தகரத்தோட மட்டும் பேச்சுவார்த்தை" என்றார் கல்லாவில் இருந்த அவர் மனைவி.

"தகரம் இல்லடி, பித்தளை!" அவரைப் புண்படுத்தியது அந்த ஒரு சொல் மட்டுமே.

அப்போதுதான் நர்ஸ் உடையில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். "பஸ் நம்பர் கிட்ட வந்தாத்தாங்க தெரியுது. தெரியறதுக்குள்ள பஸ் போயிடுது."

போஸ்ட் மாஸ்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை ஏற்றி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டார். "நாலாவது வரிசை, ரெண்டாவது?"

"நூத்தி... நாப்பத்தேழு." கடைசி எண்ணில் குரல் அடங்கிவிட்டது. பவர் போதவில்லை என்று முடிவு கட்டி நம்மவர் இன்னொரு லென்ஸைச் செருகினார். "இப்ப கீழ இருக்கற கார்டு?"

"வெயில்... படாதவர். நாற்காலியை விட்டு... எழாதவர். சோம்பேறி."

"பிரமாதம்! இதான் உங்க பவர்!"

"எங்க அப்பா" என்றார் நர்ஸ்.

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இது சயின்ஸ். பை வார் ஒரு வருஷம் உரசினாலே ஓரம் மழுங்கிடும். இது நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு மனுஷன் நடந்திருந்தா..."

"முப்பத்தொரு வருஷம் நடந்தாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பூரா அவர் தபால் குடுக்கற பீட்டு. ஊரே இங்க உட்கார்ந்து எங்கப்பாவைச் சோம்பேறின்னு சத்தம் போட்டுப் படிக்குதா? எடுங்க அந்தக் கார்டை."

"எடுக்கலாம்மா. ஆனா பித்தளை பொய்..."

"உங்க பித்தளையத் திருப்பிப் பார்த்திருக்கீங்களா?"

சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலே, நீதிபதி தோரணையில், நர்ஸ் தன் இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார். மெல்லிய பழைய தழும்பு. "எனக்கு அப்ப ஒன்றரை வயசு. வேலை விட்டு வந்ததும் வாரித் தூக்கியிருக்காரு. பேட்ஜ் ஓரம் கிழிச்சிடுச்சு. அன்னிலேருந்து சட்டை மேல குத்தறதை விட்டாரு. உள்ள பனியன்ல குத்திக்குவாரு. பேட்ஜ் எங்கய்யான்னு ஆபீசர் கேட்டா, நடு ஆபீஸ்ல நின்னு பட்டனை அவுத்துக் காட்டுவாராம். மூணு மெமோ வாங்கினாரு. மாத்திக்கல."

பித்தளையில் மயிரிழைக் கீறலைக்கூட விடாத நிபுணர், இவ்வளவு நேரமாக ஒரு சாண் தூரத்தில் அந்த முகத்துக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். தழும்பு அவர் கண்ணில் படவேயில்லை.

எழுந்துபோய் 147-ஐக் கழற்றினார். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றின் முதுகையும் அவர் படித்தவரல்ல. முகம் பளபளவென்று இருக்கும்போது முதுகை யார் பார்ப்பார்? திருப்பினார். பச்சை பூத்து, அம்மைத் தழும்புபோல் குழிகுழியாக அரித்துப்போயிருந்தது. ஊசி தேய்ந்து நூலாகியிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வேர்வைம்மா" என்றார் கடைசியில். "அத்தனையும் வேர்வை. இந்தப் பலகையில இவர் அளவுக்கு நடந்த ஆள் இல்லை."

"தெரியும்" என்றார் நர்ஸ். பதக்கம் குத்திக்கொள்ள நிற்பவரைப்போல அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

போஸ்ட் மாஸ்டர் பழைய கார்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேல் வரிசை நடுவிலிருந்த தலைமை அலுவலகத் தகட்டைக் கீழே இறக்கினார். அந்த இடத்தில் 147-ஐ, அரித்த முதுகு ஊருக்குத் தெரியும்படி, திருப்பி மாட்டினார். கல்லாவிலிருந்து மனைவி ஒரு புதுக் கார்டை நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். பூதக்கண்ணாடியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். ஸ்டூலை இழுத்து நர்ஸுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பையை எந்தத் தோள்ல மாட்டுவாரும்மா?"